முதல் கூட்டம் முடிந்த பிறகு: மாணவர் வாசகர் வட்டத்தைத் திரும்பிப் பார்ப்பது எப்படி

வாசகர் வட்டத்தின் முதல் கூட்டம் முடிந்த கையோடு பிள்ளைகளைப் பார்த்து "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால், "நல்லா இருந்துச்சு சார்" என்றுதான் பதில் வரும். கேட்கிறவர் மனம் கோணக் கூடாது என்ற மரியாதையும் அதில் இருக்கிறது, பஸ் போய்விடுமே என்ற அவசரமும் இருக்கிறது. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு எதையும் முடிவு செய்ய முடியாது. நடந்ததைக் கொஞ்சம் முறையாகத் திரும்பிப் பார்த்தால்தான் எதை மாற்றுவது, எதை அப்படியே விடுவது என்று பிடிபடும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட அரசு மேல்நிலைப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் பத்து முதல் இருபது பேரை வைத்து வட்டம் நடத்துகிறவர்களை மனதில் கொண்டு இதை எழுதுகிறோம். கல்லூரி விடுதியிலோ கிளை நூலகத்திலோ நடத்துகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் கூட்டத்தில் பிள்ளைகள் வாய் திறக்கவில்லை என்றால், 'இந்தக் காலத்துப் பசங்களுக்கு வாசிப்பில் நாட்டமே இல்லை' என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது அவசர முடிவு. கேட்ட கேள்வி, உட்கார்ந்த விதம், நடத்தியவர் பேசிய அளவு, புத்தகம் கைக்கு வந்து சேர்ந்த நாள் ஆகிய நான்கில் ஒன்றோ இரண்டோதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். நான்கும் நம் கையில் இருப்பவை. எனவே திரும்பிப் பார்க்கும்போது முதலில் இவற்றைத் தேடுங்கள். பிள்ளைகளின் குணத்தை எடைபோடும் வேலையைத் தள்ளி வையுங்கள்.

அன்று இரவே எழுத வேண்டியது

இருபது நிமிடம் போதும். ஆனால் அன்றே எழுதிவிட வேண்டும். மறுநாள் காலை வகுப்புக்குப் போய்விட்டால் யார் என்ன சொன்னார்கள் என்பது கலந்துவிடும். நன்றாகப் பேசிய இரண்டு பேர் மட்டுமே நினைவில் நிற்பார்கள்.

ஒரு ஏ4 தாளில் பெரிய வட்டம் போடுங்கள். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று பெயரின் முதல் எழுத்தை அந்தந்த இடத்தில் குறியுங்கள். நடத்தியவர் இடத்தில் ஒரு சதுரம். ஒருவர் ஒருமுறை பேசினால் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கோடு. 'ஆமாம்', 'இல்லை' என்ற ஒற்றைச் சொல்லுக்குக் கோடு வேண்டாம், புள்ளி வையுங்கள். நடத்தியவரைப் பார்த்துப் பேசியிருந்தால் சதுரத்தை நோக்கி ஒரு அம்பு. இன்னொரு பிள்ளை சொன்னதற்குப் பதிலாகப் பேசியிருந்தால் அந்தப் பிள்ளையை நோக்கி அம்பு. இந்த இரண்டாவது வகை அம்புதான் முக்கியம். ஒரு வட்டத்துக்கு உயிர் வந்திருக்கிறதா என்பதை அதுதான் காட்டும்.

கூட்டம் நடக்கும்போதே இதைக் குறித்தால் இன்னும் துல்லியமாக இருக்கும். நடத்துகிறவரால் இரண்டையும் செய்ய முடியாது. சக ஆசிரியரோ பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருவரோ வட்டத்துக்கு வெளியே உட்கார்ந்து செய்யலாம். செல்போனில் ஒலிப்பதிவு செய்வதைப் பரிந்துரைக்க மாட்டோம். போன் நடுவில் இருந்தால் பிள்ளைகள் மேடையில் பேசுவதுபோல் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு மணி நேரப் பதிவை மறுபடி கேட்க யாருக்கும் பொழுதும் கிடைக்காது.

முன்கூட்டிக் குறிக்கவில்லை என்றாலும் பரவாயில்லை, இரவில் நினைவிலிருந்து வரையுங்கள். வரையும்போது இரண்டு மூன்று பெயர்களுக்கு இடம் தெரியாமல் பேனா நிற்கும். 'இந்தப் பெண் வந்தாளா, எங்கே உட்கார்ந்தாள்?' என்று யோசிப்பீர்கள். அந்தப் பெயர்களைத் தனியாகக் கீழே எழுதிக்கொள்ளுங்கள். நம் கண்ணிலிருந்தே நழுவியவர்கள் அவர்கள். அடுத்த கூட்டத்தில் முதல் கவனம் அவர்களுக்கு.

அதே தாளின் பின்பக்கத்தில், கேட்ட கேள்விகளைக் கேட்ட வரிசையிலேயே எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்று ஒரு எண். பதில் வருவதற்குள் நீங்களே பேசிவிட்டிருந்தால் ஒரு பெருக்கல் குறி. இதில் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது எளிது என்பதால் ஒரு தகவலைச் சேர்த்துச் சொல்கிறோம். 1970களில் அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடி அளவுதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, தாமாக முன்வந்து பேசுகிறவர்கள் கூடினார்கள். நாம் 'ரொம்ப நேரம் காத்திருந்தேன், யாரும் பேசல' என்று நினைப்பதும் பெரும்பாலும் இரண்டு நொடியாகத்தான் இருக்கும். வீட்டில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஐந்து நொடி சும்மா இருந்து பாருங்கள், எவ்வளவு நீளம் என்று தெரியும்.

துண்டுச் சீட்டு

பிள்ளைகளிடமிருந்து நேர்மையான பதில் வாங்கச் சீட்டு நல்ல வழி. ஏ4 தாளை நான்காகக் கிழித்தால் ஒரு சீட்டு. பெயர் எழுத வேண்டாம். மூன்று கேள்விகள் போதும்:

எந்தப் பக்கம் வரை படித்தாய்?
சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது ஏதாவது இருக்கிறதா? ஒரு வரியில் எழுது.
படிக்கவோ பேசவோ எது தடையாக இருந்தது?

மூன்றாவதற்குக் கீழே வாய்ப்புகளைக் கொடுத்து டிக் அடிக்கச் சொல்லுங்கள்: புத்தகம் கிடைக்கவில்லை, நேரம் இல்லை, புரியவில்லை, பிடிக்கவில்லை, பேசக் கூச்சம், பேச இடம் கிடைக்கவில்லை. கையெழுத்தை வைத்து டீச்சர் கண்டுபிடித்துவிடுவார் என்ற பயம் பிள்ளைகளுக்கு எப்போதும் உண்டு. டிக் அடிப்பதில் அந்தப் பயம் இல்லை.

சீட்டைக் கூட்டம் முடிவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் கொடுங்கள். மணி அடித்தபின் கொடுத்தால், பென்னாகரம் காட்டோர ஊர்களுக்கும் சித்தேரி மலைப் பக்கத்துக்கும் போகிற பிள்ளைகள் ஒரே பஸ்ஸை நம்பியிருப்பார்கள். கிறுக்கிவிட்டு ஓடுவார்கள், அல்லது எழுதாமலே போய்விடுவார்கள். அவர்கள் சீட்டு இல்லாமல் போனால், யாருக்கு அதிகத் தடையோ அவர்களின் பதிலே இல்லாமல் போகிறது.

எல்லைப் பகுதிப் பள்ளிகளுக்கு ஒரு சொல். தளி, தேன்கனிக்கோட்டை, பாகலூர், வேப்பனப்பள்ளி பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசிவிட்டுப் பள்ளியில் தமிழில் படிக்கிற பிள்ளைகள் நிறைய. இரண்டாவது கேள்விக்கு எந்த மொழியிலும் எழுதலாம், தமிழ் எழுத்திலேயே தெலுங்கை எழுதினாலும் சரி என்று சொல்லிவிடுங்கள். வட்டத்தில் ஒரு சொல்கூடப் பேசாத பிள்ளை சீட்டில் நாலு வரி எழுதுவதைப் பார்க்கலாம்.

'படிக்கல சார்' என்பதை நான்காகப் பிரித்தல்

மீள்பார்வையில் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. சீட்டுகளை மேஜையில் பரப்பி நான்கு குவியலாகப் பிரியுங்கள். நான்குக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றின் மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் வட்டம் மூன்றாவது கூட்டத்தோடு நின்றுவிடும்.

முதல் குவியல், புத்தகம் கைக்கு வராதவர்கள். இதற்குக் கணக்குப் போட வேண்டும். பதினைந்து உறுப்பினர்கள், ஐந்து பிரதிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிரதிக்கு மூன்று பேர். புத்தகம் 120 பக்கம். பாடப்புத்தகம் தவிர வேறு படித்துப் பழகாத பிள்ளை ஒரு நாளைக்கு 20 பக்கம் படித்தால் அதிகம். ஒருவருக்கு ஆறு நாள், மூன்று பேருக்குப் பதினெட்டு நாள். நீங்கள் கொடுத்த தவணை இரண்டு வாரம் என்றால், வரிசையில் மூன்றாவதாக நின்ற ஐந்து பேருக்கு இரண்டே நாள்தான் கிடைத்திருக்கும். அவர்கள் படிக்காமல் வந்ததற்கு அவர்களைக் கடிந்துகொள்ள வழியே இல்லை. தவணையை மூன்று வாரமாக்குங்கள், அல்லது எட்டு முதல் பன்னிரண்டு பக்கச் சிறுகதைக்கு மாறுங்கள்.

சிறுகதையை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கும்போது உரிமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. 1948-ல் மறைந்த புதுமைப்பித்தன் கதைகளுக்கோ, பாப்பாரப்பட்டியில் 1925-ல் மறைந்த சுப்பிரமணிய சிவாவின் எழுத்துக்கோ இந்தத் தடை இல்லை. தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்களின் படைப்புகளும் அப்படித்தான். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அவை ஏராளமாக இருக்கின்றன. பத்துப் பக்கக் கதை, இரண்டு பக்கமும் அச்சடித்தால் ஐந்து தாள். எழுத்தின் அளவைக் குறைத்துத் தாள் மிச்சம் பிடிக்காதீர்கள். மங்கலான ஜெராக்ஸும் பொடி எழுத்தும் புதிதாகப் படிக்க வருகிறவரைத் துரத்திவிடும்.

இரண்டாவது குவியல், நேரம் கிடைக்காதவர்கள். இந்த இரண்டு மாவட்டங்களிலும் அப்பா அம்மா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட, தாத்தா பாட்டியோடு இருந்து வீட்டையும் தம்பி தங்கையையும் ஆட்டையும் மாட்டையும் பார்த்துக்கொள்கிற பிள்ளைகள் அதிகம். ஓசூர் பக்கம் பெற்றோர் கம்பெனி ஷிப்டுக்குப் போகும் வீடுகளில் மூத்த பெண் பிள்ளைதான் சமையல். மாங்காய்ப் பறிப்பு, புளி தட்டுதல் என்று பருவ வேலையும் இருக்கிறது. 'நேரத்தை ஒதுக்கிப் படி' என்ற அறிவுரை இவர்களிடம் எடுபடாது. படிக்கும் நேரத்தைப் பள்ளிக்குள்ளேயே கொடுத்துவிட வேண்டும். மதிய உணவு முடிந்து பத்து நிமிடம், அல்லது நூலகப் பாடவேளையில் பாதி. வாரத்துக்கு மூன்று முறை பத்துப் பத்து நிமிடம் கொடுத்தால் ஒரு சிறுகதை முடிந்துவிடும். இரண்டாவது கூட்டத்தின் தேதியைக் குறிக்கும்போது காலாண்டு, அரையாண்டு, பருவத் தேர்வு நாட்களையும் ஊர்த் திருவிழாவையும் சந்தை நாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு குறியுங்கள். தேர்வுக்கு முந்தைய பத்து நாட்களில் கூட்டம் வைக்கவே வேண்டாம்.

மூன்றாவது, புரியாதவர்கள். சீட்டில் எழுதிய பக்க எண்ணைப் பாருங்கள். பலரும் ஒரே இடத்தில் நின்றிருந்தால் சிக்கல் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே வட்டார வழக்கு அடர்த்தியாக வந்திருக்கலாம். கரிசல் காட்டு வழக்கிலோ நெல்லை வழக்கிலோ எழுதிய உரையாடல் அந்த ஊர்ப் பிள்ளைக்குத் தேன். களியும் கேழ்வரகுமாய் வளர்ந்த நம் பிள்ளை முதல் பத்தியிலேயே தடுக்கி நிற்கும். கதை முழுக்க அர்த்தம் எழுதிக் கொடுத்தால் அது இன்னொரு பாடமாகிவிடும். கூட்டத்தின் தொடக்கத்தில் முதல் இரண்டு பக்கத்தை யாராவது சத்தமாகப் படிக்கட்டும். காதில் விழுந்தால் பாதிச் சொற்கள் தாமாகத் திறந்துகொள்ளும். மீதிக்கு அதிகபட்சம் பத்துச் சொல் கரும்பலகையில். நடுத்தர அளவுப் பக்கம் ஒன்றைச் சத்தமாகப் படிக்க இரண்டு முதல் இரண்டரை நிமிடம் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வாசிப்பு வேகமே குறைவாக இருக்கிற பிள்ளைகளும் இந்தக் குவியலில் ஒளிந்திருப்பார்கள். அவர்கள் 'புரியவில்லை'யில் டிக் அடிக்க மாட்டார்கள், 'நேரம் இல்லை'யில்தான் அடிப்பார்கள். பக்க எண் இரண்டு, மூன்று என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் வழியாகப் பள்ளிக்கு வந்திருக்கும் மெல்லிய புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளாக இருக்கும். அவற்றில் 'ஓடு', 'பற' நிலைகளில் உள்ளவற்றை வட்டம் முழுவதற்கும் ஒருமுறை எடுத்துக்கொண்டால் யாரையும் தனியே சுட்டாமல் இந்தத் தடையைக் கடக்கலாம்.

நான்காவது, பிடிக்காதவர்கள். இந்தக் குவியல் இருந்தால் மகிழ்ச்சி அடையுங்கள். பிடிக்கவில்லை என்று எழுத, பிள்ளை படித்திருக்க வேண்டும், தனக்கென ஒரு கருத்து வைத்திருக்க வேண்டும், அதைச் சொல்லலாம் என்ற நம்பிக்கையும் வேண்டும். அடுத்த கூட்டத்தை இந்தச் சீட்டுகளிலிருந்தே தொடங்கலாம்.

கேள்விகளைச் சோதித்தல்

இரவில் எழுதிய கேள்விப் பட்டியலை எடுங்கள். 'கதையின் மையக்கருத்து என்ன?', 'இதிலிருந்து நாம் என்ன கற்றுக்கொள்கிறோம்?' என்ற இரண்டும் கிட்டத்தட்ட எல்லோருடைய பட்டியலிலும் இருக்கும். இவற்றுக்குப் பதில் வரும். ஆனால் ஐந்து மதிப்பெண் விடைபோல் வரும். ஒருவர் சொன்னதும் மற்றவர்கள் விடை முடிந்துவிட்டதாக எண்ணிப் புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

கிராமத்து வீட்டில் தனியாக இருக்கும் பாட்டி, ஊரிலிருந்து வந்த மகனுக்குக் கதவைத் திறக்காத ஒரு கதையைப் பற்றிய பேச்சு என்று வையுங்கள். வழக்கமாக இப்படிப் போகும்:

"கதை எப்படி இருந்தது? நீ சொல்லும்மா."
"நல்லா இருந்தது மிஸ்."
"என்ன நல்லா இருந்தது?"
"எல்லாமே நல்லா இருந்தது மிஸ்."
"வெரி குட். அடுத்து நீ சொல்லுப்பா."

அதே கதையை வேறு முனையிலிருந்து பிடித்தால்:

"பாட்டி கதவைத் தொறக்காம நின்னது எந்தப் பக்கத்துல வருது? எல்லாரும் எடுங்க. ஏன் தொறக்கல?"
"பயந்துட்டாங்க மிஸ்."
"பயமெல்லாம் இல்லடி, கோவம். முன்னாடி பக்கத்துல பாரு, சோறு ஆக்கி வெச்சிட்டு ராத்திரி வரைக்கும் பாத்துட்டு இருந்தாங்க."
"கோவம்னா எதுக்கு விளக்க அணைக்காம வெச்சிருக்காங்க?"

இரண்டாவது பேச்சில் மிஸ் ஒரே ஒருமுறைதான் பேசியிருக்கிறார். பிள்ளைகள் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் பதில் சொல்கிறார்கள். இந்த இடத்தில்தான் வட்டத் தாளில் பிள்ளையிலிருந்து பிள்ளைக்கு அம்பு விழும். வேறுபாடு கேள்வியில் இருக்கிறது: குறிப்பிட்ட பக்கத்தைக் கையில் எடுக்க வைக்கிறது, இரண்டு விதமாகப் பதில் சொல்ல இடம் கொடுக்கிறது.

எந்தக் கதைக்கும் பொருந்துகிற நான்கு தொடக்கங்களை இங்கிலாந்தின் எய்டன் சேம்பர்ஸ் வகுத்திருக்கிறார். பிடித்தது எது, பிடிக்காதது எது, குழப்பியது எது, திரும்பத் திரும்ப வந்தது எது. நம் பிள்ளைகளிடம் மூன்றாவதிலிருந்து தொடங்குவது நல்லது. 'எந்த இடம் குழப்பமா இருந்துச்சு?' என்று கேட்டால் புரியாததைச் சொல்வது குற்றம் இல்லை என்று ஆகிவிடுகிறது. அரைகுறையாகப் படித்து வந்த பிள்ளையும் பங்கெடுக்க முடிகிறது.

ஒவ்வொரு பதிலுக்கும் 'வெரி குட்' சொல்லும் வழக்கத்தையும் பட்டியலில் தேடுங்கள். பாராட்டு நல்லதுதான், ஆனால் இந்த இடத்தில் அது கதவைச் சாத்துகிறது. சரியான விடை வந்துவிட்டது, இனி நாம் எதற்கு என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். 'வேற மாதிரி தோணினவங்க யாரு?' என்று கேட்டால் பேச்சு நகரும்.

நேரமும் இடமும்

ஒரு மணி நேரக் கூட்டம், பதினைந்து பிள்ளைகள். வரவேற்புக்குப் பத்து நிமிடம், நடத்தியவர் பேச்சுக்கு இருபது நிமிடம் போனால் மீதி முப்பது. ஆளுக்கு இரண்டு நிமிடம். இரண்டு பேர் பத்துப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டால் மற்ற பதிமூன்று பேருக்கும் சேர்த்துப் பத்து நிமிடம்தான். 'பேச இடம் கிடைக்கவில்லை' என்று சீட்டில் வந்திருந்தால் இந்தக் கணக்கைப் பாருங்கள். பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் நடுவில் இருபது நிமிடம் இரண்டு வட்டமாகப் பிரிப்பது நல்லது. அதைவிட எளிய வழி, பொதுப் பேச்சுக்கு முன்னால் பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு இரண்டு பேராக மூன்று நிமிடம் பேச விடுவது. கூச்சத்துக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. முதலில் தோழியிடம் சொல்லிப் பார்த்த கருத்தைப் பிறகு எல்லோர் முன்னாலும் சொல்வது பாதி எளிது.

முதல் கூட்டம் விழாவாக மாறியிருந்தால் அதையும் எழுதுங்கள். தலைமை விருந்தினர், பொன்னாடை, குத்துவிளக்கு, வாசிப்பின் அவசியம் பற்றி மூன்று உரைகள் என்று நாற்பது நிமிடம் போயிருக்கும். வந்தவர்கள் அன்போடுதான் வந்தார்கள். ஆனால் பிள்ளைகள் கேட்கப் பழகிய இடத்திலேயே மறுபடி உட்கார வைக்கப்பட்டார்கள். இரண்டாவது கூட்டத்துக்கு யாரையும் அழைக்காதீர்கள்; வருகிற பெரியவர்கள் ஒரு கதை படித்துவிட்டு வட்டத்தில் ஒருவராகத் தரையில் உட்காரச் சம்மதித்தால் மட்டும் வரலாம்.

வரைந்த வட்டம் உண்மையில் வட்டமாக இருந்ததா? பெஞ்சு வரிசையும் எதிரே ஒரு மேஜையும் என்றால் அம்புகள் எல்லாம் மேஜையை நோக்கித்தான் பாயும். ஜமுக்காளம் விரித்து எல்லோரும் தரையில் உட்காருங்கள், ஆசிரியரும்தான். ஆண் பிள்ளைகள் ஒரு பாதி, பெண் பிள்ளைகள் மறுபாதி என்று உட்கார்வது நம் பக்கத்து வழக்கம். முதல் சில கூட்டங்களுக்கு அதைக் கலைக்க வேண்டாம், கட்டாயப்படுத்தினால் இருவருமே பேச மாட்டார்கள். ஆனால் கோடுகளைத் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் முப்பதும் மறுபக்கம் ஐந்துமாக இருந்தால், அடுத்த கூட்டத்தின் முதல் பேச்சு அந்த ஐந்து பக்கத்திலிருந்து தொடங்கட்டும்.

பிள்ளைகளோடு இருபது நிமிடம்

இரண்டு மூன்று நாள் கழித்து நான்கு பேரை மட்டும் அழையுங்கள். நன்றாகப் பேசியவர் ஒருவர், பேசாதவர் ஒருவர், படிக்காமல் வந்தவர் ஒருவர், பாதியில் எழுந்து போனவர் ஒருவர். நன்றாகப் பேசியவர்களை மட்டும் கூப்பிட்டால் வட்டம் அவர்களுடையதாகவே ஆகிவிடும்.

'நீ ஏன் பேசல?' என்று கேட்கவே வேண்டாம். அது விசாரணை. 'யார் பேசினப்போ நீ நிமிர்ந்து பாத்த?', 'எந்த நேரத்துல மணியப் பாத்த?', 'அடுத்த முறை உன் பக்கத்துல யாரு உக்காந்தா நல்லா இருக்கும்?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வரும். பாதியில் எழுந்தவரிடம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் அதுதான் காரணம். நான்கு பேருக்கு பஸ் பிரச்சினை என்றால் கூட்டத்தை மதிய இடைவேளைக்கோ கடைசிப் பாடவேளைக்கோ கொண்டுவர வேண்டியதுதான். சனிக்கிழமை ஊர்க் கிளை நூலகத்தில் நடத்தலாம் என்றால், நூலகம் எந்த நாள் விடுமுறை, எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று நூலகரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஒரு பக்கக் குறிப்பு

இதுவரை சேர்ந்ததையெல்லாம் ஒரு நீள நோட்டில் இடது பக்கம் மட்டும் எழுதுங்கள். வலது பக்கம் காலியாக இருக்கட்டும். 'அருமை', 'சுமார்' போன்ற சொற்களைத் தவிர்த்து, நடந்ததை மட்டும் எழுத வேண்டும். மாதிரிக்கு ஒன்று:

வந்தவர் 15. முழுதும் படித்தவர் 5, பாதி 4, தொடாதவர் 6. அந்த ஆறில் புத்தகம் கிடைக்காதவர் 4. பேசியவர் 7, அதில் பெண்கள் 2. பிள்ளையிலிருந்து பிள்ளைக்கு அம்பு 3, மூன்றும் பாட்டி கதவு இடத்தில். நான் கேட்ட கேள்வி 11, பதிலுக்குக் காத்திராதது 6. 4.20-க்கு மூன்று பேர் எழுந்தார்கள், பஸ். இடம் நினைவுக்கு வராதவர் 2.

அடுத்து, மாற்றப்போவது. இரண்டுக்கு மேல் வேண்டாம். கேள்வி, இருக்கை, நேரம், புத்தகம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. பிள்ளைகளுக்கும் புது இடத்துக்கு வந்ததுபோல் இருக்கும். மேலே உள்ள மாதிரிக்கு என்றால் எங்கள் தேர்வு: ஆளுக்கொரு ஜெராக்ஸ் சிறுகதை, பொதுப் பேச்சுக்கு முன்னால் இரண்டு பேர் பேச்சு. பஸ் சிக்கலுக்கு நேரத்தை அரை மணி முன்னால் நகர்த்துவது மாற்றத்தில் சேராது, அது கடமை. மாற்றாமல் விடுவதையும் ஒரு வரி எழுதுங்கள். நன்றாகப் போன பாட்டி கதவுக் கேள்வியைப் போல ஒரு கேள்வியை அடுத்த கதைக்கும் முன்பே தயாரித்து வைப்பது அப்படிப்பட்டது.

அடுத்த கதையைத் தேர்ந்தெடுக்கும்போது தகடூர் (இன்றைய தருமபுரி) அதியமானும் ஔவையும் நினைவுக்கு வருவார்கள். நெல்லிக்கனி பற்றிய புறநானூற்று 91-ஆம் பாடல் சிறியது, உரையோடு ஒரே அமர்வில் படித்துவிடலாம், ஊரின் பெருமையும் கூட. ஆனால் முதல் கூட்டம் தேர்வு வாசனையோடு நடந்திருந்தால் அதைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கள். புறநானூறு என்றதும் பிள்ளைகள் மனப்பாடப் பகுதியை நினைத்துக்கொள்வார்கள். நாலைந்து கூட்டம் போய், கேள்வி கேட்கும் தைரியம் வந்தபின் எடுத்தால், ஏன் அந்தக் கனியைத் தான் உண்ணாமல் கொடுத்தான் என்று அவர்களே சண்டை போடுவார்கள்.

எண்ணிக்கை குறித்து ஒரு எச்சரிக்கை. முதல் கூட்டத்துக்கு ஆர்வத்தாலும் ஆசிரியர் சொன்னதாலும் கூட்டம் வரும். இரண்டாவதில் குறையும். அதைக் கண்டு பரிசு, வினாடி வினா, கட்டுரைப் போட்டி என்று சேர்த்தால் வருகை கூடும், வாசிப்பு கூடாது. வருகைக்குப் பதில் இரண்டு எண்களைக் குறியுங்கள்: யாரும் சொல்லாமல் தானாக மறுபடி வந்தவர் எத்தனை, கூட்டம் முடிந்து வேறொரு புத்தகம் கேட்டு எடுத்துப் போனவர் எத்தனை. இரண்டாவது எண் மூன்றாக இருந்தாலே வட்டம் சரியான வழியில் போகிறது.

இரண்டாவது கூட்டம் முடிந்த இரவில் வலது பக்கத்தை நிரப்புங்கள். அதே தலைப்புகள், அதே வரிசை. செய்த இரண்டு மாற்றங்களுக்கு எதிரே 'பலித்தது', 'பலிக்கவில்லை', 'இன்னொரு முறை பார்க்க வேண்டும்' என்ற மூன்றில் ஒன்று. பலிக்காததைக் கைவிட்டுவிட்டுப் பட்டியலில் அடுத்த காரணத்துக்குப் போங்கள். மூன்றாவது கூட்டத்தை நடத்தும் பொறுப்பை ஒரு பதினோராம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுக்கலாம். கொடுக்கும்போது பிடித்தது, பிடிக்காதது, குழப்பியது, திரும்ப வந்தது என்ற நான்கு கேள்விகள் எழுதிய அட்டையோடு இந்த நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள், முந்தைய இரண்டு கூட்டத்திலும் யாருடைய பெயருக்குப் பக்கத்தில் கோடே விழவில்லை என்று காட்டி.